ஜான் மியூர் நடைவழி

ஜான் மியூர் நடைவழி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் உயர்ந்த பகுதிகளூடாகச் செல்லும் நெடுந்தொலைவு நடைவழி ஆகும். இது யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் தொடங்கி, அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் மிக உயரமான சிகரமாகிய விட்னி மலையின் உச்சியில் முடிகிறது. இதன் நீளம் 211 மைல் (சுமார் 340 கிலோமீட்டர்) ஆகும். விட்னி மலையின் உச்சிக்குச் சாலை இல்லாததால், அங்கிருந்து விட்னி போர்ட்டல் என்னும் இடம்வரை மேலும் சுமார் 17 கிலோமீட்டர் கீழிறங்கினால்தான் பயணம் நிறைவுறும்.

இந்நடைவழியை முழுமையாக நடந்து கடக்கப் பெரும்பாலானோர்க்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகின்றன. கூடாரம், உறக்கப்பை, அடுப்பு, உணவு ஆகிய அனைத்தையும் நடப்பவரே முதுகில் சுமந்து செல்ல வேண்டும். இடையில் ஊர்களோ கடைத்தெருக்களோ இல்லை. ஆகவே எப்போது புறப்படுவது, எவ்வளவு உணவு எடுத்துச் செல்வது, ஓர் ஆற்றை எந்த நேரத்தில் கடப்பது, எப்போது திரும்பிவிடுவது என்னும் முடிவுகளே இப்பயணத்தின் வெற்றியையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன.

பெயர்

இசுக்கொட்லாந்தின் டன்பார் நகரில் பிறந்த இயற்கையியலாளர் ஜான் மியூர் (1838–1914) நினைவாக இந்நடைவழிக்குப் பெயரிடப்பட்டது. அவர் 1892-இல் தொடங்கப்பட்ட சியரா கழகத்தின் முதல் தலைவர் ஆவார். நடைவழி அமைக்கும் பணி அவருடைய மறைவுக்குப் பின்னரே தொடங்கியது.

இப்பகுதியின் கணவாய்கள் மியூருக்கு மிக முற்பட்ட காலத்திலிருந்தே மனிதர்களுக்குத் தெரிந்தவை. மலையின் கிழக்குப் பக்கத்தில் வாழ்ந்த பையூட் மக்களும் மேற்குப் பக்கத்தில் வாழ்ந்த மீவோக், மோனோ முதலிய மக்களும் இவற்றின் வழியே பண்டமாற்று செய்துவந்தனர். கிழக்கிலிருந்து உப்பும், அம்புமுனைகள் செய்யப் பயன்படும் எரிமலைக் கண்ணாடிக் கல்லும் மேற்கே சென்றன. மேற்கிலிருந்து கருவாலிக் கொட்டைகள் கிழக்கே சென்றன. பையூட் மக்கள் தங்கள் மொழியில் தங்களை நூமு என்று அழைத்துக்கொள்கின்றனர். அவர்களுள் பலர் இவ்வழியை 'நூமு போயோ', அதாவது 'மக்களின் பாதை' என்று குறிப்பிடுகின்றனர். மியூர் தம் தொடக்ககால எழுத்துகளில் பழங்குடியினரை இழிவாகக் குறிப்பிட்டிருப்பதைச் சியரா கழகமே 2020-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

புவியியல்

சியரா நெவாடாவின் உயர்பகுதி பெரும்பாலும் கிரானைட்டுப் பாறையால் ஆனது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெதுவாகக் குளிர்ந்து இறுகியதால் இப்பாறையின் பெரும்பகுதி உருவானது. பின்னர் மேலிருந்த படிவுகள் அரிக்கப்பட்டு, மலைத்தொடர் மேலே உயர்ந்தது. பனியுகங்களில் பனியாறுகள் இப்பாறையைக் குடைந்து, அகன்ற அடியுடைய பள்ளத்தாக்குகளையும் கிண்ணம் போன்ற குழிவுகளையும் உண்டாக்கின. நடைவழியில் காணப்படும் ஏரிகளுள் மிகுதியானவை இக்குழிவுகளில் நீர் தேங்கியதால் ஏற்பட்டவை ஆகும்.

மலைத்தொடரின் மேற்குச் சரிவு மெல்லச் சாய்கிறது. கிழக்குச் சரிவோ செங்குத்தாக இறங்குகிறது. நடைவழி தொடரின் முகட்டையொட்டித் தெற்கு, தென்கிழக்குத் திசைகளில் செல்கிறது. முகட்டிலிருந்து கிளைக்கும் பக்கமலைகள் குறுக்கே கிடப்பதால், நடப்பவர் ஒவ்வொரு கணவாயிலும் ஏறி, அடுத்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். தொடக்க இடமாகிய ஹேப்பி ஐல்சு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,230 மீட்டர் உயரத்திலும், விட்னி மலையின் உச்சி 4,421 மீட்டர் உயரத்திலும் உள்ளன. எனினும் வழியெங்கும் ஏறும் ஏற்றங்கள் அனைத்தையும் கூட்டினால் சுமார் 14,000 மீட்டர் வரும்.

வரலாறு

மலைமுகட்டையொட்டி ஒரு தொடர்ச்சியான வழி வேண்டும் என்னும் எண்ணம் தியோடர் சாலமன்சு என்பவருக்கு 1884-இல், அவர் பதின்ம வயதினராக இருந்தபோது தோன்றியது. அவர் 1890-களில் பல பயணங்கள் மேற்கொண்டு பொருத்தமான வழியைத் தேடினார். 1895-இல் தாம் கண்ட சிகரங்கள் சிலவற்றுக்குப் படிமலர்ச்சிக் கொள்கையோடு தொடர்புடைய டார்வின், அக்சிலி, வாலசு, எக்கல் முதலியோரின் பெயர்களைச் சூட்டினார். அப்பகுதி இன்றும் படிமலர்ச்சியைக் குறிக்கும் 'எவலூசன்' என்னும் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஜோசப் லெகான்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் 1908-இல் யோசெமிட்டியிலிருந்து கிங்சு ஆற்றுப் பள்ளத்தாக்குவரை 28 நாட்களில் பயணம் செய்து, முகட்டை ஒட்டிய வழி இயலக்கூடியதே என்பதைக் காட்டினர்.

1915-இல் கலிபோர்னியா சட்டமன்றம் நடைவழி அமைக்க 10,000 டாலர் ஒதுக்கியது. மாநிலப் பொறியாளர் வில்பர் மக்லூர் வழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றார். தெற்கே கிங்சு ஆற்று வடிநிலத்துக்கும் கெர்ன் ஆற்று வடிநிலத்துக்கும் இடையே உள்ள பாறைச் சுவரில் 1930-களின் தொடக்கத்தில் ஃபாரசுட்டர் கணவாய்ப் பாதை வெட்டப்பட்டது. இறுதியாக எஞ்சியிருந்தது பாலிசேடு ஓடையின் மேற்பகுதியில் உள்ள செங்குத்தான பாறைப்பகுதி ஆகும். அதில் கொண்டை ஊசி வளைவுகளாக அமைக்கப்பட்ட 'பொற்படிக்கட்டு' என்னும் பகுதி 1938-இல் முடிவுற்றதோடு நடைவழி முழுமை பெற்றது.

வழித்தடம்

நடைவழி யோசெமிட்டி, கிங்சு கேன்யன், செக்கோயா ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும், ஆன்சல் ஆடம்சு காட்டகம், ஜான் மியூர் காட்டகம் ஆகிய பாதுகாக்கப்பட்ட பகுதிகளையும் கடந்து செல்கிறது. சுமார் 260 கிலோமீட்டர் தொலைவுக்கு இது பசிபிக் முகட்டு நடைவழியோடு ஒன்றாகச் செல்கிறது.

வடபகுதி: ஹேப்பி ஐல்சிலிருந்து வெர்னல், நெவாடா ஆகிய அருவிகளை ஒட்டி ஏறி, டுவாலமி புல்வெளியை அடைகிறது. அங்கு டையோகா சாலையைக் கடந்த பின், லைல் பள்ளத்தாக்கின் வழியே டோனகூ கணவாய்க்கு ஏறுகிறது. பின்னர் ஆயிரம் தீவு ஏரி, கார்னெட் ஏரி ஆகியவற்றைக் கடந்து டெவில்சு போசுட்பைல் என்னும் இடத்தை அடைகிறது. இங்கு எரிமலைக் குழம்பு குளிர்ந்தபோது ஏற்பட்ட பல பக்கத் தூண்கள் 18 மீட்டர்வரை உயர்ந்து நிற்கின்றன. இதையடுத்த ரெட்சு மெடோ என்னும் இடத்துக்குப் பிறகு விட்னி போர்ட்டல்வரை சாலை எதுவும் நடைவழியைத் தொடுவதில்லை.

நடுப்பகுதி: சில்வர் கணவாய், செல்டன் கணவாய் ஆகியவற்றைக் கடந்து சான் வாக்கீன் ஆற்றின் தெற்குக் கிளைக்கு இறங்குகிறது. பின் எவலூசன் பள்ளத்தாக்கின் வழியே மியூர் கணவாய்க்கு ஏறுகிறது. கணவாயின் மேல் சியரா கழகம் 1930-இல் கட்டிய கல் குடில் ஒன்று உள்ளது. புயலில் சிக்கியோர் ஒதுங்குவதற்காகவே இது கட்டப்பட்டது. நெருக்கடி இல்லாதபோது இதில் இரவு தங்க அனுமதி இல்லை.

தென்பகுதி: உயரமான கணவாய்கள் இப்பகுதியில் அடுத்தடுத்து வருகின்றன. வடக்கிலிருந்து தெற்காக நடைவழியின் முதன்மையான கணவாய்களின் உயரங்கள் ஏறத்தாழ வருமாறு:

* டோனகூ கணவாய் – 3,370 மீட்டர்
* செல்டன் கணவாய் – 3,320 மீட்டர்
* மியூர் கணவாய் – 3,640 மீட்டர்
* மேதர் கணவாய் – 3,690 மீட்டர்
* பின்சோ கணவாய் – 3,700 மீட்டர்
* கிளென் கணவாய் – 3,650 மீட்டர்
* ஃபாரசுட்டர் கணவாய் – 4,010 மீட்டர்

பெரும்பாலானோர் வடக்கிலிருந்து தெற்காகவே நடக்கின்றனர். இத்திசையில் உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடல் பழகிக்கொள்ள நாட்கள் கிடைக்கின்றன. தெற்கிலிருந்து தொடங்குபவர் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே 4,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும்.

பயணக் காலம்

சூலை முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களே வழக்கமான பயணக் காலம் ஆகும். சியரா நெவாடாவில் ஆண்டு மழைப்பொழிவின் பெரும்பகுதி குளிர்காலத்தில் பனியாகவே விழுகிறது. இப்பனி கோடையில் உருகி ஆறுகளில் ஓடுகிறது. ஏப்பிரல் 1-ஆம் நாளை ஒட்டி அளக்கப்படும் பனியின் அளவைக் கொண்டு, அவ்வாண்டின் கோடை நீர்வரத்து மதிப்பிடப்படுகிறது. நீர் மேலாண்மைக்காகச் செய்யப்படும் இவ்வளவீடு நடைப்பயணிகளுக்கும் பயன்படுகிறது. 2017, 2023 ஆகிய ஆண்டுகளைப் போலப் பனி மிகுந்த ஆண்டுகளில் கணவாய்களின் வடக்குச் சரிவுகளில் சூலை இறுதியிலும் பனி கிடக்கும். ஆறுகளும் நெடுநாள் பெருக்கெடுத்து ஓடும். பனி குறைந்த ஆண்டுகளில் வழி எளிதாகத் திறக்கிறது. ஆனால் காட்டுத்தீயின் அச்சம் கூடுகிறது.

சுமையும் உணவும்

நடப்பவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோகிராம் முதல் ஒரு கிலோகிராம் வரை உலர்ந்த உணவு தேவைப்படுகிறது. மூன்று வார உணவை ஒரே முறையில் சுமப்பது இயலாது. எனவே வழியை ஒட்டியுள்ள சில இடங்களுக்கு உணவுப் பொதிகளை முன்கூட்டியே அனுப்பி வைக்கின்றனர். அவற்றுள் தெற்கு நோக்கிச் செல்வோர்க்குக் கடைசியாக வருவது மியூர் டிரெயில் ராஞ்ச் ஆகும். இது நடைவழியின் ஏறத்தாழ நடுவில், சாலையிலிருந்து விலகி அமைந்துள்ளது. பயணிகள் நெகிழி வாளிகளில் இட்டு அஞ்சலில் அனுப்பும் உணவை இங்கு கட்டணம் பெற்றுக்கொண்டு பாதுகாத்து வைக்கின்றனர்.

இங்கிருந்து விட்னி போர்ட்டல்வரை உள்ள சுமார் 175 கிலோமீட்டருக்கு நடைவழியில் உணவு கிடைக்கும் இடம் எதுவும் இல்லை. நாளொன்றுக்கு 18 கிலோமீட்டர் நடந்தாலும் பத்து நாள் உணவு வேண்டும். இவ்வாறு சுமை மிக அதிகமாக இருக்கும் நாட்களிலேயே மிக உயர்ந்த கணவாய்களுக்கான ஏற்றமும் தொடங்குகிறது. சிலர் இடையில் கியர்சார்ச் கணவாயின் வழியே கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் விலகிச் சென்று, ஆனியன் வேலி என்னுமிடத்தில் சாலையை அடைந்து, அருகிலுள்ள ஊரில் உணவு பெற்றுத் திரும்புகின்றனர். காயமோ நோயோ ஏற்பட்டால் வெளியேறவும் இத்தகைய பக்கவழிகளே பயன்படுகின்றன.

உயரம் சமையலையும் பாதிக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் 3,500 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 88 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக நெடுநேரமாகும். எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். எனவே முன்பே வேகவைத்து உலர்த்திய உணவையே பலரும் எடுத்துச் செல்கின்றனர்.

இடர்கள்

ஆறுகளைக் கடத்தல்: நடைவழியின் பல ஓடைகளுக்குப் பாலம் இல்லை. பகலில் வெயிலால் உருகும் பனிநீர் பள்ளத்தாக்கை வந்தடையச் சில மணிநேரம் ஆவதால், ஓடைகளின் நீர்மட்டம் பிற்பகலிலும் மாலையிலும் உயர்ந்து, விடியற்காலையில் தாழ்ந்து காணப்படும். மாலையில் கடக்க முடியாத ஓடையைக் கரையில் தங்கி மறுநாள் காலையில் கடந்துவிட முடிவதுண்டு. கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும். விழுந்தால் பையைக் கழற்றி எறிய இது உதவும். 2017-இல் கிங்சு ஆற்றின் தெற்குக் கிளையில் நடைப்பயணி ஒருவர் மூழ்கி உயிரிழந்தார். அகன்று ஆழமின்றி ஓடும் இடத்தைத் தேடிக் கரையோரமாக நெடுந்தொலைவு நடப்பதும், அத்தகைய இடம் கிடைக்காவிடில் வந்த வழியே திரும்புவதும் பாதுகாப்பான முறைகள் ஆகும்.

மின்னல்: கோடையில் காலை வானம் தெளிவாக இருந்தாலும் பிற்பகலில் இடிமுகில்கள் திரள்வது இயல்பு. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே உள்ள கணவாய்களில் ஒதுங்க இடமில்லை. ஆகையால் நண்பகலுக்குள் கணவாயைக் கடந்து கீழிறங்கிவிடுமாறு அறிவுறுத்தப்படுகிறது. விட்னி மலையின் உச்சியில் ஆய்வுப்பணிக்காக 1909-இல் கட்டப்பட்ட கல் குடில் ஒன்று உள்ளது. 1990-இல் இடிமழைக்கு அஞ்சி அதனுள் ஒதுங்கியோர்மீது மின்னல் பாய்ந்ததில் ஒருவர் இறந்தார். உலோகக் கூரையுடைய கல் கட்டடம் மின்னலிலிருந்து காக்கும் என்று நம்பக்கூடாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

உயர நோய்: விட்னி மலையின் உச்சியில் மூச்சுவழி கிடைக்கும் உயிர்வளி கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 விழுக்காடே ஆகும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். நடை தள்ளாடுதல், மனக்குழப்பம், ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல் ஆகியவை மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோப்பதைக் காட்டும். உடனே கீழிறங்குவதே இதற்கு முதன்மையான மருத்துவம் ஆகும்.

குடிநீர்: ஓடைநீர் தெளிவாக இருப்பினும் அதில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். நீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ பருக வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவைப்பது பரிந்துரைக்கப்படுகிறது.

கரடிகள்

கலிபோர்னியாவில் பெரிய கிரிசிலிக் கரடிகள் 1920-களில் அற்றுப்போயின. இன்று காணப்படுபவை அமெரிக்கக் கருங்கரடிகள் மட்டுமே. இவை மனிதரைத் தாக்குவது அரிது. ஆனால் உணவின் மணத்தை நெடுந்தொலைவிலிருந்தே உணரக்கூடியவை. ஒருமுறை மனித உணவின் சுவை கண்ட கரடி மீண்டும் மீண்டும் முகாம்களைத் தேடி வருகிறது. அச்சம் நீங்கி முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும் கரடியை இறுதியில் அதிகாரிகள் கொல்ல நேரிடுகிறது. உணவை மரக்கிளையில் கட்டித் தொங்கவிடும் பழைய முறையைக் கரடிகள் வெல்லக் கற்றுக்கொண்டதால், கரடியால் திறக்க முடியாத கெட்டியான உணவுக்கலனை எடுத்துச் செல்வது நடைவழியின் பெரும்பகுதியில் கட்டாயமாக்கப்பட்டது. வெற்றுக்கலனே ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ளது. நடப்பவர் சுமக்கும் இவ்வெடை அவருடைய உணவை மட்டுமன்றிக் கரடியின் உயிரையும் காக்கிறது.

அனுமதியும் விதிகளும்

1964-இல் இயற்றப்பட்ட காட்டகச் சட்டத்தின்கீழ் காட்டகமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சாலை அமைத்தலும், இயந்திர ஊர்திகளும், மிதிவண்டிகளும் தடை செய்யப்பட்டுள்ளன. நடப்போர் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு பெற வேண்டும். நாள்தோறும் புறப்படுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. விண்ணப்பங்கள் பெருகியதால் யோசெமிட்டிப் பூங்கா நிருவாகம் 2015-இல், டோனகூ கணவாய் வழியே தெற்கே செல்வோர்க்கு நாளொன்றுக்கு 45 பேர் என்னும் வரம்பை ஏற்படுத்தியது.

முதன்மையான விதிமுறைகள் சில:

* நீர்நிலைகளிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியே கூடாரம் அமைக்க வேண்டும்.
* மனிதக் கழிவை நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும். பாறையும் மக்கள் நெரிசலும் மிகுந்த விட்னி மலைப் பகுதியில் அதையும் பையில் இட்டு வெளியே கொண்டுவர வேண்டும்.
* உயர்பகுதிகளில் விறகு எரிக்கக்கூடாது. அங்கு மரங்கள் மிக மெதுவாக வளர்வதும், உதிர்ந்த விறகே மண்ணுக்கு உரமாவதும் இதற்குக் காரணங்கள்.
* குப்பை அனைத்தையும் திரும்ப எடுத்து வர வேண்டும்.

சூழல் மாற்றங்கள்

சியரா நெவாடாவின் உயர ஏரிகள் பெரும்பாலானவற்றில் இயற்கையாக மீன்கள் இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டு முதல் தூண்டில் மீன்பிடிப்புக்காக டிரவுட் மீன்கள் விடப்பட்டன. அவை தலைப்பிரட்டைகளை உண்டதாலும், பின்னர் பரவிய பூஞ்சை நோயாலும், ஒருகாலத்தில் ஏராளமாக இருந்த மஞ்சள்கால் தவளைகள் பெரிதும் குறைந்தன. 2014-இல் அவை அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சில ஏரிகளில் மீன்களை அகற்றிய பின் தவளைகள் மீண்டும் பெருகியுள்ளன.

காட்டுத்தீயும் பயணங்களைப் பாதித்துள்ளது. 2020 செப்டெம்பரில் பரவிய 'கிரீக்' தீயின்போது, நடைவழியின் நடுப்பகுதிக்கு அருகிலுள்ள எடிசன் ஏரிப் பகுதியில் சிக்கியோர் உலங்கு வானூர்திகளில் மீட்கப்பட்டனர்.

லைல் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் லைல், மக்லூர் என்னும் இரண்டு பனியாறுகள் அருகருகே இருந்தன. ஜான் மியூர் 1872-இல் மக்லூர் பனியாற்றில் முளைகளை நட்டு, அது நாளொன்றுக்குச் சுமார் ஓர் அங்குலம் நகர்வதை அளந்து காட்டினார். அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணியினர் பல ஆண்டுகள் செய்த அளவீடுகளின் முடிவை 2013-இல் வெளியிட்டனர். அதன்படி மக்லூர் அப்போதும் ஏறத்தாழ அதே வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. யோசெமிட்டிப் பூங்காவின் மிகப் பெரிய பனியாறாகக் கருதப்பட்ட லைல் நகர்வதை நிறுத்திவிட்டது. நகராத பனித்திரள் பனியாறு எனக் கொள்ளப்படுவதில்லை. குளிர்காலப் பனி உருகித் தீர்ந்த பின், கோடையின் இறுதியில் லைல் பள்ளத்தாக்கின் ஆற்றுக்கு நீர் தருவது இத்தகைய பழைய பனியே ஆகும். அது முற்றிலும் மறைந்தால், செப்டெம்பர் மாதத்தில் இவ்வழியே செல்வோர் அந்த ஆற்றைக் கடக்க அஞ்ச வேண்டியிராது. ஆனால் குடிநீருக்கும், கரையோரப் புல்வெளிகளுக்கும் நீர் குறைந்துபோகும்.